ரௌட்டருக்கு வெளி மெமரி: ஸ்லாட்டில் நுழைந்தால் மட்டும் போதாது

ரௌட்டர் தயாரிப்பாளர்கள் தாங்கள் விற்கும் மெமரியின் சிப்புகளைத் தாங்களே செய்வதில்லை. ஸ்டிக்கருக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் சாம்சங், மைக்ரான் அல்லது எஸ்கே ஹைனிக்ஸ் சிப்தான். மற்றவர்கள் விற்கும் மாட்யூல்களிலும் (மெமரி அட்டைகளிலும்) பெரும்பாலும் அவைதான். அதனால் வெளி மெமரி, அதாவது வேறு நிறுவனம் விற்கும் மெமரி, என்றாலே மட்டம் என்று ஒதுக்க வேண்டாம். பார்க்க வேண்டியது பொருத்தத்தை.

ரௌட்டரை ஆன் செய்ததும், பூட் நிரல் மாட்யூலில் உள்ள எஸ்பிடி என்ற குட்டிச் சிப்பைப் படிக்கும். கொள்ளளவு, வேகம், ரேங்க் (சேர்ந்து இயங்கும் சிப் தொகுதி) எல்லாம் அதில் பதிந்திருக்கும். கணினியின் தொடக்க நிரலான பயாஸ் எதைச் செருகினாலும் ஓரளவு அனுசரித்துப் போகும். ரௌட்டருக்கு அந்தத் தாராளம் கிடையாது. தெரியாத வகைச் சிப் என்றால் பாதி மெமரி மட்டும் தெரியலாம், அல்லது திரும்பத் திரும்ப ரீபூட் ஆகலாம்.

அதிகம் பேர் சறுக்குவது ஈசிசி என்ற பிழை திருத்தும் வசதியில். ஈசிசி மாட்யூல் 64 பிட் தரவோடு 8 சரிபார்ப்பு பிட்டும் சேர்த்து 72 பிட்டாக வேலை செய்யும். ஒரு பிட் தவறினால் திருத்தும், இரண்டு தவறினால் கண்டுபிடித்துச் சொல்லும். டிடிஆர்3 வகை டிம்மில் (ஸ்லாட்டில் செருகும் மாட்யூலில்) ஈசிசி இருந்தாலும் இல்லாவிட்டாலும், ரெஜிஸ்டர்ட் (சிக்னலை இடையில் தாங்கும் சிப் உள்ளது) ஆனாலும், அதே 240 பின், அதே வெட்டுதான். கை தடுக்காது, ரௌட்டர்தான் பூட் ஆகாது.

மாற்றும் முன் கான்ஃபிகை (ரௌட்டரின் அமைப்புகளை) வெளியே நகல் எடுங்கள். எல்லா பவர் கேபிளையும் கழற்றி, மணிக்கட்டில் எர்த் பட்டை கட்டிக்கொள்ளுங்கள். டிம்மை நேராக அழுத்தினால் இரு பக்கக் கிளிப்பும் தானே மூடிக்கொள்ள வேண்டும். முதல் பூட்டைக் கன்சோலில் (ரௌட்டரோடு நேரடிக் கேபிளில் இணைத்த திரையில்) உட்கார்ந்து பாருங்கள். சிஸ்கோ ரௌட்டரில் 'ஷோ வெர்ஷன்' கட்டளை கொடுத்தால் '483328கே/40960கே' மாதிரி இரண்டு எண் வரும்: முதலாவது ப்ராசஸருக்கு, அடுத்தது பாக்கெட் பஃபருக்கு (தரவுப் பொட்டலங்கள் தற்காலிகமாக நிற்கும் இடத்துக்கு). கூட்டினால் 524288, அதாவது 512 எம்பி. கூட்டல் நீங்கள் மாட்டிய அளவோடு இடித்தால் அணைத்துவிட்டு மீண்டும் செருகுங்கள்.

ராம் கூட்டித் தீராத கோளாறுகளும் உண்டு. 2014 ஆகஸ்ட் 12 அன்று இணையத்தின் ஐபிவி4 முகவரிகளுக்கான ரூட்டுகள் (வழிகள்) 512 ஆயிரத்தைத் தாண்டியபோது பழைய ரௌட்டர்கள் சில திணறின. நிரம்பியது ரூட்டுகளை வேகமாகத் தேடும் டிகேம் என்ற தனி மெமரி, டிம் ஸ்லாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதேபோல, ரூட்டுகள் கூடாமலேயே காலி மெமரி நாளுக்கு நாள் கரைந்தால் அது மென்பொருள் கசிவு. புது மாட்யூல் தவணை வாங்கித் தரும், அவ்வளவே.

பழைய மாட்யூலைத் தூக்கிப் போடாதீர்கள். கோளாறு என்று ரௌட்டர் நிறுவனத்தைக் கூப்பிட்டால், வெளி மெமரியைக் கழற்றிவிட்டுச் சோதிக்கச் சொல்வார்கள்.