தச்சுமேசைக்கு வைரம் பாய்ந்த கட்டைதான் வேண்டுமா?

சொந்தமாகத் தச்சுமேசை செய்யக் கிளம்புகிறவர்கள் முதலில் தேடுவது வைரம் பாய்ந்த கட்டையைத்தான். பலகை எவ்வளவு கெட்டியோ அவ்வளவு நாள் உழைக்கும் என்பது கணக்கு. நான் ஒருபடி மேலே போய், மேசைமேல் இரும்புத் தகட்டையே பதித்தேன். ஒரே வாரம்தான். கை நழுவிய உளி தகட்டில் மோதி, அதன் முனை பல்லிளித்தது. தகட்டில் ஒரு கீறல்கூட இல்லை!

மரத்தின் கெட்டித்தன்மையை அளக்க ஜான்கா சோதனை என்று ஒன்று உண்டு. 11.28 மி.மீ. விட்டமுள்ள எஃகுக் குண்டை மரத்துக்குள் பாதி புதையும்வரை அழுத்துவார்கள். அதற்கு வேண்டிய விசைதான் அளவு. எண் விசித்திரமாகத் தெரியலாம். அந்தக் குண்டு பாதி புதைந்தால் பதியும் வட்டத்தின் பரப்பு 100 சதுர மி.மீ.; அதற்காகத்தான். கடின மேப்பிளுக்குச் சுமார் 6,400 நியூட்டன் வேண்டும், தேக்குக்கு 4,700 அளவில், வெள்ளைப் பைனுக்கு வெறும் 1,700.

இப்போது ஒரு பைன் சட்டத்தை மேப்பிள் மேசைமேல் போட்டு இறுக்கினால் குழி எதில் விழும்? பைனில்தான். இரண்டு பொருள் மோதினால் மெத்தென்றிருப்பதுதான் நசுங்கும். நாம் பார்த்துப் பார்த்து இழைத்த சட்டம் நசுங்குவதைவிட மேசை நசுங்கட்டுமே! அதற்காகத் தொட்டால் பள்ளமாகும் மரமும் ஆகாது. நடுத்தரக் கெட்டி போதும் என்பது என் கட்சி.

மரத்தில் விழுந்த குழியை ஓரளவு எழுப்பவும் முடியும். மரம் என்பது நெருக்கி அடுக்கிய நுண்குழாய்களின் கட்டு. சுத்தியல் விழுந்த இடத்தில் குழாய்கள் அறுபடுவதில்லை, தட்டையாகின்றன. ஈரத்துணியை விரித்து, சூடான இஸ்திரிப் பெட்டியை அதன்மேல் சில நொடி வையுங்கள். நீராவி புகுந்ததும் சுவர்கள் இளகி, உப்பி, குழி மெல்ல மேலெழும். உளி அறுத்த வெட்டுக்கு இந்த வைத்தியம் பலிக்காது.

முழு மரத்துக்கு ஒரு குணம் உண்டு: காற்றின் ஈரத்துக்கேற்ப அகலவாக்கில் விரியும், சுருங்கும். நீளவாக்கில் அசைவு கண்ணுக்கே தெரியாது. 600 மி.மீ. அகலத் தேக்குப் பலகையின் ஈரப்பதம் 4 சதவீதம் மாறினால் 4 மி.மீ. அளவுக்குக்கூட நகரலாம். அதனால் அடிச்சட்டத்தில் திருகுத் துளைகளை நீள்துளையாகப் போட வேண்டும். இறுக்கிப் பூட்டினால் பலகை பிளந்துவிடும்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் எம்.டி.எஃப். இருக்கிறது. மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்தது, ரேகை இல்லை, சமதளம். ஆனால் பாரம் வைத்தால் தொய்யும், ஓரத்தில் தண்ணீர் பட்டால் ஊதிவிடும். தொய்வுக்கு மருந்து தடிமன். பலகையின் விறைப்பு தடிமனின் கனத்துக்கேற்ப ஏறும்; அதாவது தடிமன் இரட்டித்தால் விறைப்பு 2×2×2. 18 மி.மீ. பலகை இரண்டைச் சும்மா அடுக்கினால் விறைப்பு இரண்டு மடங்கு. முழுப் பரப்பிலும் பசை தடவி ஒட்டினால் எட்டு மடங்கு! நோட்டுப் புத்தகத்தை வளைத்துப் பாருங்கள், தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். பசை அந்த வழுக்கலைத்தான் தடுக்கிறது.

மைக்கா ஒட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அதில் மைக்கா என்னும் கனிமம் துளியும் கிடையாது; பிசினில் ஊறிய காகித அடுக்குகள்தாம். துடைக்கச் சுலபம், பசை ஒட்டாது. ஆனால் இழைக்கும்போது சட்டம் வழுக்கி ஓடும், சுத்தியல் பட்டால் சில்லு பெயரும். தச்சுக்கு லாயக்கில்லை.

நான் கடைசியில் வந்து நின்றது ஹார்ட்போர்டில். வில்லியம் மேசன் என்ற அமெரிக்கர் 1924-ல், மரச்சில்லுகளை உயர் அழுத்த நீராவியில் வெடிக்கவைத்து நாராக்கி உருவாக்கியது. அதில் மரநார்களை இயற்கையாகவே பிணைத்து வைக்கும் லிக்னின் என்ற பொருளே பசையாக வேலை செய்கிறது. ஒட்டிய எம்.டி.எஃப். மேல் 6 மி.மீ. ஹார்ட்போர்டை, அடிபட்டதும் கழற்றி மாற்ற வசதியாகப் பசையில்லாமல், மூலைக்கொரு திருகாகப் பூட்டியிருக்கிறேன். திருகுத் தலைகள் மட்டத்துக்குக் கீழே அமுங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இழைப்புளியின் அலகு போய்விடும். இப்போது மேசையில் இருப்பது மூன்றாவது பலகை. கழற்றிய இரண்டும் பெயின்ட் அடிக்கும்போது தரையில் விரிக்க உதவுகின்றன.