வட்டமான பள்ளமெல்லாம் விண்கல் பள்ளம் அல்ல

"சார், செயற்கைக்கோள் படத்தைப் பாருங்கள், காம்பஸ் வைத்துப் போட்ட மாதிரி வட்டம்!" விண்கல் விழுந்த இடம் என்று சொல்லி, இப்படி ஒரு படத்தையும் ஒரு பை கற்களையும் யாராவது என் மேசையில் வைப்பது வழக்கமாகிவிட்டது. பையில் பெரும்பாலும் கறுத்து, கனத்து, குமிழி விட்ட கல் இருக்கும். எங்கோ உலையில் வழிந்த இரும்புச் சிட்டம்.

பள்ளத்தில் விண்கல்லைத் தேடுவதுதான் முதல் தவறு. பெரிய விண்கல் மோதினால் அதில் பெரும்பகுதி உருகியும் ஆவியாகியும் போய்விடும். சாட்சி சொல்ல மிஞ்சுவது அடிவாங்கிய உள்ளூர்க் கல். அமெரிக்காவின் அரிசோனாவில் 1.2 கிலோமீட்டர் அகலப் பள்ளம் ஒன்று இருக்கிறது. அதன் அடியில் புதைந்த இரும்பு இருக்கும் என்று நம்பி, சுரங்கப் பொறியாளர் டேனியல் பாரிஞ்சர் 1903 முதல் கால் நூற்றாண்டு தோண்டியும் துளையிட்டும் பார்த்தார். பெரிய இரும்புத் திரள் எதுவும் சிக்கவில்லை. சாட்சி அங்கிருந்த மணற்கல்லிலேயே இருந்தது. 1960-ல் எட்வர்ட் சாவ், யூஜின் ஷூமேக்கர் என்ற ஆய்வாளர்களின் குழு அதில் கோசைட் என்ற கனிமத்தைக் கண்டது. அது 1953-ல் வேதியியலாளர் லோரிங் கோஸ் ஆய்வகத்தில் செய்துகாட்டிய பொருள். அதுவரை இயற்கையில் யாரும் பார்த்ததில்லை.

கோசைட்டும் சாதாரண மணலும் ஒரே சரக்குதான்: சிலிக்கான், ஆக்சிஜன். அடுக்கு மட்டும் வேறு. மணலில் பெரும்பாலும் இருக்கும் குவார்ட்ஸ் கனிமத்தின் அடர்த்தி தண்ணீரைப் போல 2.65 மடங்கு, கோசைட் ஏறக்குறைய 2.9. இன்னும் நெருக்கினால் ஸ்டிஷோவைட் என்ற இன்னொரு வடிவம், 4.3. குவார்ட்ஸில் ஒரு சிலிக்கானைச் சுற்றி நான்கு ஆக்சிஜன்; ஸ்டிஷோவைட்டில் ஆறு. ஸ்டிஷோவைட் உருவாக வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறக்குறைய லட்சம் மடங்கு வேண்டும். எரிமலைக்கு அந்தத் தெம்பு கிடையாது. 1962-ல் அதே அரிசோனா பள்ளத்தில் இதுவும் கிடைத்தது.

கோசைட் கிடைத்ததுமே துள்ளக் கூடாது. 1984-ல் ஆல்ப்ஸ் மலையிலும் நார்வேயிலும் அது கிடைத்தது. அங்கே விண்கல் ஏதும் விழவில்லை. பூமித்தட்டோடு ஆழத்துக்கு இறங்கித் திரும்பிய பாறைகள் அவை. ஆல்ப்ஸ் கல்லில் கோசைட், கார்னெட் என்ற கடினமான கனிமத்தின் மணிக்குள் பூட்டப்பட்டிருக்கிறது. மேலே வரும் வழியில் அது குவார்ட்ஸாக மாறி உப்பியதால், சுற்றியிருந்த கார்னெட் நட்சத்திரம்போல வெடித்திருக்கிறது. விண்கல் மோதி உண்டான கோசைட்டோ, மோதலில் கண்ணாடியாகிப்போன பகுதிக்குள் பொடிப்பொடியாகக் கிடக்கும்.

நான் முதலில் பார்ப்பது குவார்ட்ஸ் மணியைத்தான். கல்லை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்து, மேடையை மெல்லச் சுழற்றுவேன். மோதலில் அடிவாங்கிய கல் என்றால் மணிக்குள் சீப்பால் வாரியதுபோல நேரான, இணையான கோடுகள் தெரியும். ஒவ்வொன்றும் சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளியில். கொஞ்சம் திருப்பினால் வேறு கோணத்தில் இன்னொரு வரிசை. மலை மடிந்ததால் வந்த கோடுகள் இப்படி இருக்காது. வளைந்து, தடித்து, பெரும்பாலும் ஒரே வரிசையாக நின்றுவிடும்.

இரண்டு விஷயங்களைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கல்லை நெருப்பில் காட்டிச் சோதிக்காதீர்கள். மோதலின் சூடு அதிக நேரம் நீடிக்காததால்தான் ஸ்டிஷோவைட் தப்பிப் பிழைத்தது. நன்றாகச் சூடேறினால் கலைந்துவிடும். அப்புறம், ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். குவார்ட்ஸ் அதில் கரையும், ஸ்டிஷோவைட் லேசில் கரையாது. அதனால் ஆய்வகங்களில் பிரித்தெடுக்க அதைப் பயன்படுத்துகிறோம். வீடியோ பார்த்து வீட்டில் முயன்றதாக ஒருவர் சொன்னபோது எனக்கு வியர்த்துவிட்டது. தோலில் பட்டால் சில சமயம் உடனே வலிகூடத் தெரியாமல் உள்ளே இறங்கி எலும்பு வரை போகும் அமிலம் அது, உயிரையே வாங்கலாம்.

சிட்டம் கொண்டுவந்த ஒரு பையன், நான் சொன்னபடி போய், பள்ளத்தின் விளிம்பிலிருந்து மணற்கல் எடுத்து, எடுத்த இடங்களையும் குறித்துக்கொண்டு வந்தான். வெட்டிப் பார்த்தோம். கோடுகள் வளைந்திருந்தன.

"அப்போ இந்த வட்டம் எப்படி சார் வந்தது?"

"கீழே சுண்ணாம்புப் பாறை இருக்கிறதா என்று பார். அது கரைந்தால் மேலே இருப்பது உள்வாங்கும்."

அடுத்த வாரமே சுண்ணாம்புக் கல்லோடு வந்து நின்றான்.