துவரைக்கு ஏன் செம்மண் கட்டினார்கள்?

“எங்கள் ஆச்சி வீட்டில் துவரை வருஷம் முழுக்கக் கிடந்தாலும் வண்டு பிடிக்காது. நான் வாங்கி வைத்த தட்டைப்பயறு ரெண்டே மாதத்தில் ஓட்டை ஓட்டையாகிவிட்டது. அந்தக் காலத்துப் பயறில் அப்படி என்ன சத்து?” என்று ஒரு வாசகர் கேட்கிறார்.

சத்தில் ஒன்றுமில்லை. ஆச்சி செம்மண் கட்டியிருப்பார். துவரையை நனைத்து, செம்மண் குழம்பில் புரட்டி, ராத்திரி குவித்து வைத்து, பிறகு நல்ல வெயிலில் காயப்போடுவார்கள். தோல் நெகிழ்ந்து திருகையில் சுலபமாக உடையும். வண்டும் அண்டாது. இடுப்பொடிய இதையெல்லாம் செய்தது பெண்கள்தான் என்பதால், அந்தக் காலமே பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். இன்று பருப்பு பாக்கெட்டில் வருகிறது, நல்லதுதான்.

பயறு வண்டு லேசுப்பட்டதல்ல. தாய் வண்டு பயறின் தோலில் முட்டையைப் பசையோடு ஒட்டிவிடும். புழு முட்டையின் அடிப்பக்கமாகவே பயறுக்குள் குடைந்து போய்விடும். வெளியே தலைகாட்டுவதே இல்லை. வெக்கையான நாட்களில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் வட்ட ஓட்டை போட்டு வண்டாக வெளியேறும். அதன்பின் அது பயறைத் தின்பதில்லை. உடம்பில் இருக்கும் கொழுப்பும் நீரும்தான் கையிருப்பு. அதை வைத்தே இணைசேர்ந்து, முட்டையிட்டு, சில நாட்களில் செத்துப்போகும்.

செம்மண் கைவைப்பது அந்த நீர்க் கையிருப்பில்.

உடம்பு சிறுக்கச் சிறுக்க, எடைக்கு மேற்பரப்பு அதிகம் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அப்படியானால் வண்டு சீக்கிரமே காய்ந்து சருகாக வேண்டுமே? அதைக் காப்பது மேலோட்டின்மீது படிந்த மெழுகுப் படலம். தடிமன் ஒரு மைக்ரான்கூட இருக்காது. மண்துகள் அந்த மெழுகைக் கொஞ்சம் உறிஞ்சும், கொஞ்சம் உரசி எடுக்கும். 1940களில் இங்கிலாந்தில் வின்சென்ட் விக்கிள்ஸ்வொர்த் என்ற பூச்சியியல் அறிஞர் இதை ரொம்ப அழகாகக் காட்டினார். பொடி தூவிய பரப்பில் பூச்சியை நடக்கவிட்டு, பிறகு வெள்ளி உப்புக் கரைசலில் அமிழ்த்தினார். மெழுகு உரிந்த இடங்கள் மட்டும் கறுத்தன. எல்லாம் தரையில் உரசிய இடங்கள்! விஷமே இல்லை; நடந்த நடைதான் எமன். நம் வண்டோ முட்டையிட இடம் தேடிப் பயறு பயறாக ஏறி இறங்கும் ஜாதி.

அமாவாசையன்று எடுத்து வைத்தால்தான் வண்டு பிடிக்காது என்று சிலர் சொல்வார்கள். வண்டு பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. அன்று நன்றாகக் காயவைத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

கோவை வேளாண் பல்கலைக்கழகம் 100 கிலோ பயறு விதைக்கு 1 கிலோ கயோலின் களிமண் பொடி கலக்கச் சொல்கிறது. அதே தத்துவம். ஆனால் மண்ணுக்கு யார் காப்புரிமை வாங்குவது? லாபமில்லாத ஆராய்ச்சியில் கம்பெனிகள் காசு போடாது; அரசுதான் போட வேண்டும். போடுவது போதாது என்பது என் கட்சி.

மண்ணுக்கும் ஒரு பலவீனம் உண்டு. ஐப்பசி அடைமழையில் காற்றே ஈரமாக இருக்கும்போது வண்டு அவ்வளவு நீரை இழக்காது. மழை விட்டதும் பயறை மறுபடி வெயிலில் போட்டது அதனால்தான்.

வாசகருக்கு என் யோசனை: மாடிக்குக்கூடப் போக வேண்டாம். தட்டைப்பயறைக் காற்றுப்புகாத பையில் கட்டி ஒரு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். முட்டை, புழு, வண்டு எல்லாம் சாகும். எடுத்ததும் பையைப் பிரித்துவிடாதீர்கள். குளிர் முழுக்க விடும்வரை காத்திருங்கள், இல்லாவிட்டால் வேர்த்துப் பூசணம் பிடிக்கும்.