பலருக்கும் ஒரே பொய்நினைவு வருவது எப்படி?

முதலில் பின்வரும் சொற்களை ஒருமுறை மட்டும் நிதானமாகப் படித்துவிடுங்கள்: கட்டில், தலையணை, இரவு, கொட்டாவி, போர்வை, கனவு, ஓய்வு, குறட்டை, களைப்பு, மெத்தை, தாலாட்டு, விழிப்பு. படித்த பிறகு திரும்பிப் பார்க்க வேண்டாம். கட்டுரையின் நடுவில் இவற்றைப் பற்றி ஒரு கேள்வி வரும்.

நெல்சன் மண்டேலா 27 ஆண்டுகள் சிறையில் இருந்து 1990 பிப்ரவரி 11 அன்று விடுதலையானார். 1994 முதல் 1999 வரை தென்னாப்பிரிக்காவின் குடியரசுத் தலைவராக இருந்தார். 2013 டிசம்பர் 5 அன்று தமது 95-ஆம் வயதில் காலமானார். ஆனால் அவர் 1980-களில் சிறையிலேயே இறந்துவிட்டதாகவும், இறுதி ஊர்வலத்தைத் தொலைக்காட்சியில் பார்த்ததாகவும் உறுதியாகச் சொல்பவர்கள் உண்டு. அவ்வாறு நினைவு வைத்திருந்தவர்களுள் ஒருவரான ஃபியோனா புரூம் என்ற அமெரிக்க எழுத்தாளர், இதே நினைவு ஒருவரையொருவர் அறியாத பலருக்கும் இருப்பதைக் கண்டு 2010 வாக்கில் ‘மண்டேலா விளைவு’ என்ற பெயரைப் பரப்பினார். தனியொருவருக்கு நினைவு பிசகுவதில் வியப்பில்லை. தொடர்பே இல்லாத பலருக்கும் அது ஒரே திசையில் பிசகுவதற்குத்தான் விளக்கம் வேண்டியிருக்கிறது.

அந்த விளக்கத்தைச் சிலர் இயற்பியலில் தேடுகிறார்கள். நாம் வேறொரு இணை உலகிலிருந்து இங்கே வந்துவிட்டோம், அந்த உலகில் மண்டேலா உண்மையிலேயே இறந்துவிட்டார் என்பது அவர்களுடைய வாதம். இதற்கு, நுண்துகள் அளவிலான நிகழ்வுகளின்போது உலகம் பல கிளைகளாகப் பிரிகிறது என்று இயற்பியலாளர் ஹ்யூ எவரெட் 1957-இல் முன்வைத்த ‘பல உலக’ விளக்கத்தைத் துணைக்கு அழைக்கிறார்கள். ஜெனீவா அருகே 2008-இல் இயங்கத் தொடங்கிய, நுண்துகள்களை அதிவேகத்தில் மோதவிடும் பெரிய ஹாட்ரான் மோதுவி என்ற இயந்திரம்தான் உலகங்களுக்கிடையே கதவைத் திறந்தது என்றும் கூறுகிறார்கள். எவரெட்டின் விளக்கத்தின்படி பிரிந்துபோன கிளைகள் நடைமுறையில் ஒன்றோடொன்று எந்தத் தகவலையும் பரிமாறிக்கொள்ள முடியாது. அந்த மோதுவியில் நிகழும் மோதல்களைவிட ஆற்றல் மிகுந்த மோதல்களை விண்ணிலிருந்து வரும் அண்டக்கதிர்கள் நம் வளிமண்டலத்தில் கோடிக்கணக்கான ஆண்டுகளாக நிகழ்த்திவருகின்றன. இவற்றைவிட எளிய தடை ஒன்றும் உண்டு: நினைவும் மூளையில் பதிந்துள்ள பொருள்தான். உலகமே மாறியது என்றால் மூளை மட்டும் பழைய உலகின் தடயத்தோடு தப்பியது எப்படி? போதாக்குறைக்கு, மாறியதாகச் சொல்லப்படுபவை பெரும்பாலும் வணிக இலச்சினைகளும், பெயர்களின் எழுத்துகளும், நாம் அரைகுறையாகக் கவனித்த செய்திகளுமே. தம் வீட்டுக்கு எத்தனை மாடி என்பதில் யாருக்கும் இந்தக் குழப்பம் வருவதில்லை. எந்த நினைவு மாறும், எது மாறாது என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாத கோட்பாட்டை விளக்கம் என்று ஏற்க எனக்கு மனமில்லை.

உளவியல் இந்தக் கேள்வியைத் தொட்டது மிகவும் முன்னதாகவே. ஃபிரெடரிக் பார்ட்லெட் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர், வட அமெரிக்கப் பழங்குடியினரின் நாட்டுப்புறக் கதை ஒன்றை இங்கிலாந்தில் சிலருக்குப் படிக்கக் கொடுத்து, பின்னர் வெவ்வேறு இடைவெளிகளில் அதைத் திரும்ப எழுதச் சொன்னார். கதை சுருங்கியது எதிர்பார்த்ததுதான். அது மாறிய விதமே கவனிக்கத்தக்கது: சிறு துடுப்புத் தோணி சாதாரணப் படகாயிற்று, கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பாயிற்று, புரியாத அமானுஷ்யப் பகுதிகள் மெல்ல மறைந்தன. அதாவது வாசகர்கள் தமக்குப் பழக்கமான அச்சில் கதையை மறுபடி வார்த்திருந்தார்கள். நினைவு என்பது பெட்டியில் பூட்டி வைத்த நகல் அன்று, நினைக்கும் ஒவ்வொரு முறையும் கிடைத்த துண்டுகளைக் கொண்டு கட்டப்படுவது என்று 1932-இல் அவர் வந்தடைந்த முடிவு இன்றும் நிற்கிறது. ஒரே பண்பாட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்த அச்சும் ஏறக்குறைய ஒன்றே என்பதால், விடுபட்ட இடத்தை நிரப்பும் துண்டும் ஒன்றாகவே அமைந்துவிடுகிறது.

இப்போது தொடக்கத்தில் படித்த பட்டியலுக்கு வருவோம். அதில் ‘தலையணை’ இருந்ததா? ‘நாற்காலி’ இருந்ததா? ‘தூக்கம்’ இருந்ததா? முதலாவது இருந்தது, இரண்டாவது இல்லை. மூன்றாவதும் இல்லை, மேலே போய்ச் சரிபார்த்துக்கொள்ளலாம். ஜேம்ஸ் டீஸ் 1959-இல் உருவாக்கி, ஹென்றி ரோடிகரும் கேத்லீன் மெக்டெர்மாட்டும் 1995-இல் விரிவுபடுத்திய சோதனை இது. அவர்களுடைய முதல் சோதனையில், பட்டியலில் இல்லாத அந்த மையச் சொல்லை ஏறத்தாழ 40 விழுக்காடு முறை பங்கேற்பாளர்கள் தாமாகவே எழுதினார்கள். ஒவ்வொரு சொல்லும் மனத்தில் ‘தூக்கம்’ என்பதைச் சற்றே தூண்டிவிடுகிறது. பன்னிரண்டு முறை தூண்டப்பட்ட சொல்லைக் கண்ணால் படித்தோமா, மனத்துக்குள் எழுந்ததா என்று பிரித்தறிவது பிறகு கடினமாகிறது. இங்கே யாரும் யாரிடமும் பேசவில்லை, யாரும் யாரையும் நம்பவைக்கவுமில்லை. ஆயினும் எல்லோரும் ஒரே சொல்லில் வழுக்குகிறார்கள், ஏனெனில் ஒரு மொழியைப் பேசுவோரின் மனத்தில் சொற்கள் பின்னிக்கிடக்கும் வலை பெரும்பாலும் ஒன்றே.

சொல்லுக்கு நேர்வது காட்சிக்கும் நேரும். 1992 அக்டோபர் 4 அன்று ஆம்ஸ்டர்டாமின் பெய்ல்மர் பகுதியில் ஒரு சரக்கு விமானம் அடுக்குமாடிக் குடியிருப்பின்மீது விழுந்தது. எரியும் கட்டிடமும் மீட்புப் பணியும் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டனவே தவிர, மோதிய கணத்தை யாரும் படம்பிடிக்கவில்லை. சுமார் பத்து மாதங்கள் கழித்து டச்சு உளவியலாளர்கள், விமானம் கட்டிடத்தில் மோதும் தொலைக்காட்சிப் படத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, 55 விழுக்காட்டினர் பார்த்ததாகச் சொன்னார்கள். அவர்களைப் பொய்யர்கள் என்று சொல்ல முடியாது. செய்தியில் கேட்ட விவரமும், பிறகு பார்த்த இடிபாடும், மனத்தில் வரைந்துகொண்ட காட்சியும் ஒன்றாகக் கலந்த பின், ‘இது எனக்கு எங்கிருந்து கிடைத்தது?’ என்ற குறிப்பு மட்டும் கழன்று விழுந்திருக்கிறது. மண்டேலாவின் ‘மரணத்தையும்’ இப்படிப் புரிந்துகொள்ளலாம். நிறவெறி எதிர்ப்புப் போராளி ஸ்டீவ் பிகோ 1977-இல் காவலில் உண்மையாகவே இறந்தார், ஆயிரக்கணக்கானோர் அவருடைய இறுதிச் சடங்கில் திரண்டனர். தொலைவிலிருந்து செய்தி கேட்ட ஒருவருக்கு இரண்டு பெயர்களும் ஒரே கோப்பில் சேர்ந்திருக்கக்கூடும்.

கேள்வியே நினைவை விதைக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எலிசபெத் லோஃப்டஸும் ஜான் பாமரும் 1974-இல் கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டி, சிலரிடம் கார்கள் ‘மோதியபோது’ என்ன வேகம் என்றும், சிலரிடம் ‘மோதி நொறுங்கியபோது’ என்ன வேகம் என்றும் பொருள்படக் கேட்டார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. ஆனால் ஒரு வாரத்துக்குப் பின் அதைப் பார்த்ததாகச் சொன்னவர்கள் முதல் குழுவில் 14 விழுக்காடு, இரண்டாம் குழுவில் 32 விழுக்காடு. ‘கியூரியஸ் ஜார்ஜ் என்ற அந்தக் கதைக் குரங்குக்கு வால் இருந்ததுதானே, உங்களுக்கும் நினைவிருக்கிறதா?’ என்று இணையத்தில் ஒருவர் கேட்கும்போது, அவர் சாட்சியைத் தேடுவதாக நினைத்துக்கொண்டு சாட்சியை உருவாக்கிக்கொண்டிருக்கிறார்.

உறுதி இங்கே அளவுகோலாகாது. சேலஞ்சர் விண்ணோடம் 1986-இல் வெடித்த மறுநாள், செய்தியை எங்கே எப்படி அறிந்தோம் என்று மாணவர்கள் எழுதிய குறிப்புகளை அல்ரிக் நைசரும் நிக்கோல் ஹார்ஷும் இரண்டரை ஆண்டுக்குப் பின் அவர்களுடைய புதிய நினைவோடு ஒப்பிட்டார்கள். சுமார் கால்வாசிப் பேர் எல்லா முக்கிய விவரங்களிலும் பிழையாக இருந்தார்கள்; உறுதி மட்டும் குறையவில்லை. தம் கையெழுத்தையே காட்டிய பிறகும் பழைய நினைவு அவர்களுக்குத் திரும்பவில்லை.

இவை அனைத்தும் சேர்ந்தாலும் முழு விடை கிடைத்துவிட்டதாகச் சொல்ல இயலாது. சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தீபஸ்ரீ பிரசாதும் வில்மா பெயின்பிரிட்ஜும் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், பலரும் அறிந்த 40 உருவங்களை உண்மையான வடிவிலும் இரண்டு மாற்று வடிவங்களிலும் காட்டி, சரியானதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். ஏழு உருவங்களில் மட்டும் மக்கள் ஒரே தவறான வடிவத்தை ஒன்றுபோலத் தேர்ந்தெடுத்தனர். மோனோபாலி விளையாட்டின் முதியவருக்கு ஒரு கண்ணில் மட்டும் அணியும் ஒற்றைக் கண்ணாடியைச் சேர்த்ததைப் பார்ட்லெட்டின் அச்சு விளக்கிவிடும்: உயரத் தொப்பி அணிந்த பழங்காலச் செல்வந்தர் என்றால் கண்ணாடியும் கூடவே வந்துவிடுகிறது. போக்கிமான் கார்ட்டூன் பாத்திரமான பிக்காச்சுவின் மஞ்சள் வால் நுனியில் கருமை ஏறியதும் புரிகிறது; காதுகளின் நுனி உண்மையிலேயே கறுப்பு. ஃப்ரூட் ஆஃப் தி லூம் ஆடை நிறுவனத்தின் இலச்சினைதான் இடறுகிறது. அதில் பழங்களுக்குப் பின்னால் கொம்பு வடிவக் கூடை இருந்ததாகப் பலர் சாதிக்கிறார்கள். ஆய்வாளர்கள் தந்த மற்றொரு மாற்று வடிவத்தில் பழங்கள் ஒரு தட்டில் இருந்தன. பழங்களை நாம் அன்றாடம் பார்ப்பது தட்டில்தான், கொம்புக் கூடையில் அன்று. பழக்கமே எல்லாவற்றையும் நிரப்புகிறது என்றால் தட்டுதான் வென்றிருக்க வேண்டும். வென்றது கூடை. சரியாகச் சொன்னவர்களுக்கும் தவறாகச் சொன்னவர்களுக்கும் உருவங்களைப் பார்த்த விதத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. சரியான உருவத்தைக் காட்டிவிட்டுப் பின்னர் நினைவிலிருந்து வரையச் சொன்னபோதும் சிலருடைய தாளில் அதே பிழைகள் எழுந்தன. ஏழு உருவங்களுக்கும் பொருந்தும் ஒற்றைக் காரணம் எதையும் அந்த ஆய்வு முன்வைக்கவில்லை.