மூன்று மாதம் தொங்கும் ஃபிலிம்: வீட்டு ரேடானை அளப்பது எப்படி?

தனுஷ்கோடியில் 1964 புயலில் சிதைந்து நிற்கும் தேவாலயத்தின் சுவரைக் கிட்டப்போய்ப் பாருங்கள். பவளக்கல். உயிரோடு இருந்தபோது பவளம் கடல்நீரிலிருந்து சுண்ணாம்போடு துளி யுரேனியத்தையும் சேர்த்துக்கொண்டது. எடையில் பத்து லட்சத்தில் ஏறக்குறைய 3 பங்கு. பயப்பட வேண்டாம், சாதாரணப் பாறையிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் இருக்கும். அந்த யுரேனியம் படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகிறது, ரேடியம் ரேடானாகிறது. ரேடான் ஒரு வாயு. அதனால் சுவரிலிருந்தும், அதைவிட அதிகமாக அடிமண்ணிலிருந்து தரை விரிசல் வழியாகவும் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. நிறமோ மணமோ கிடையாது.

மூச்சில் போகும் ரேடான் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும். நுரையீரலைத் தாக்குவது அதன் சேய்கள்தான், அதாவது ரேடான் சிதைந்து உண்டாகும் பொருள்கள். 3.8 நாளில் பாதி ரேடான் சிதைந்து பொலோனியம்-218 ஆகிறது. அது திடப்பொருள். தூசியிலும் கொசுவத்திப் புகையிலும் ஒட்டிக்கொண்டு மிதக்கும், மூச்சுக்குழாய்ச் சுவரில் படியும். அங்கிருந்தபடியே ஆல்ஃபா என்ற கதிர்வீச்சுத் துகளை வீசும். அடுத்தடுத்து மாறி, பொலோனியம்-214 ஆனதும் மறுபடி ஒன்று. இந்தத் துகளை ஒரு காகிதமே தடுத்துவிடும். ஆனால் மூச்சுக்குழாயில் காகிதம் ஏது? 50, 70 மைக்ரோமீட்டர் ஆழம் போனாலே பிளவுபடும் செல்கள்மீது பட்டுவிடுகிறது. இதனால் வரும் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து, புகைப்பவர்களுக்குப் பல மடங்கு.

சரி, எப்படி அளப்பது? சிறு குப்பிக்குள் எல்.ஆர்.-115 என்ற செல்லுலோஸ் நைட்ரேட் ஃபிலிமை வைத்து, சுமார் மூன்று மாதம் அறையில் தொங்கவிடுவார்கள். ஆல்ஃபா பட்ட இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத வடு விழும். பிறகு ஃபிலிமை 60 டிகிரி சூட்டில் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்தால் வடுக்கள் அரித்துத் துளைகளாகும். எண்ண வேண்டியதுதான். தோரியத்திலிருந்து வரும் தோரான் என்ற உறவுக்கார வாயுவும் உண்டு. அது 56 நொடியில் பாதியாகிவிடும் என்பதால், குப்பியில் ஊசித்துளை மட்டும் விட்டால் ரேடான் நுழையும், தோரான் வழியிலேயே தீர்ந்துபோகும். தோரான் சுவரோரம்தான் அதிகம். எனவே குப்பியைச் சுவரை ஒட்டி மாட்டக்கூடாது.

அப்புறம் கணக்கு. அறையில் ஒரு கன மீட்டருக்கு 40 பெக்கெரல், அதாவது நொடிக்கு 40 சிதைவு என்று வையுங்கள். சேய்களில் ஒரு பகுதி மின்விசிறியிலும் சுவரிலும் படிந்துவிடும், கொஞ்சம் ஜன்னல் வழியே போய்விடும், அதற்காக 0.4 ஆல் பெருக்குவார்கள். வீட்டுக்குள் ஆண்டுக்கு 7000 மணி நேரம். மணிக்கு ஒரு பெக்கெரலுக்கு 9 நானோசீவெர்ட் (சீவெர்ட் என்பது உடல் வாங்கும் கதிர்வீச்சின் அலகு). எல்லாம் பெருக்கினால் ஆண்டுக்குச் சுமார் 1 மில்லிசீவெர்ட். உலக சுகாதார நிறுவனம் 2009இல் பரிந்துரைத்த 100 பெக்கெரல் அளவில் இதே கணக்கு 2.5 வரும்.

எனக்கு முக்கியமாகப் படுவது காற்று. கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கும்போது மண்டபத்திலும் பாம்பனிலும் கதவைத் திறந்தால் போதும், ரேடான் தங்காது. அதே வீட்டில் ஜன்னலை இறுக்கி ஏ.சி. போட்டு இரவெல்லாம் தூங்கினால் அது சேரும். ஆகவே ஒரு நாள் அளவை வைத்து முடிவு கட்டாதீர்கள். தூங்கும் அறையில், கச்சான் காலத்தில் ஒரு ஃபிலிம், வாடைக் காலத்தில் ஒன்று, ஏ.சி. ஓடும் கோடையில் இன்னொன்று என்று தொங்கவிட்டுப் பாருங்கள்.