சிக்னல் முழுசாக இருக்கு, பிறகேன் கோல் அறுகிறது?

கிளிநொச்சிப் பக்கம் நான்கு கட்டடங்கள் உள்ள ஒரு பயிற்சி நிலையத்தில் வைபை சரியில்லை என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் கட்டடத்துக்கு ஒன்றாக நாலு ரவுட்டர், எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட், சிக்னலும் எங்கும் முழுசாக இருக்கிறது. ஆனால் வீடியோ கோலில் கதைத்தபடி அடுத்த கட்டடத்துக்கு நடந்தால் நடுவிலுள்ள வேப்பமரத்தடியில் கோல் அறுந்துவிடும். முன்பு பார்த்தவர் இன்னும் இரண்டு ரவுட்டர் வாங்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்!

குறை சிக்னலில் இல்லை, விலாசத்தில். அங்கே ஒவ்வொரு ரவுட்டரும் தனி வலையமைப்பு. இடம் மாறியதும் போனுக்குப் புது ஐபி விலாசம் (வலையமைப்பில் அதை அடையாளம் காட்டும் எண்) கிடைக்கும், பழைய விலாசத்துக்கு வந்துகொண்டிருந்த கோல் அங்கேயே கிடக்கும். இடம்பெயர்ந்த காலத்தில் கடிதங்கள் விட்டுவந்த வீட்டுக்கே போனதுபோல.

1996இல் வந்த மொபைல் ஐபி என்ற நெறிமுறை இதற்கு ஒரு வழி சொன்னது: பழைய இடத்தில் ஒரு முகவர் இருந்து, வருவதையெல்லாம் புது இடத்துக்கு அனுப்பிவிடும். வேலை செய்யும்தான், ஆனால் மாங்குளத்திலிருந்து புளியங்குளம் போக முதலில் கிளிநொச்சி போய்த் திரும்பி வருகிற கதை, அவ்வளவு தாமதம்.

நிரல்படுத்தக்கூடிய வலையமைப்பு, அதாவது எஸ்டிஎன், வேறு மாதிரி யோசிக்கிறது. தரவை வழிப்படுத்தும் கருவியான ஒவ்வொரு சுவிட்சும் தானே முடிவெடுக்காமல், மூளையை ஒரு கட்டுப்பாட்டு மென்பொருளிடம் கொடுத்துவிடுகிறோம் (2008இல் வந்த ஓபன்ஃபுளோ என்ற நெறிமுறை இதைப் பரவலாக்கியது). போன் புது ரவுட்டரில் ஒட்டியதும் அந்த மென்பொருள் சுவிட்சுகளில் வழியை மாற்றி எழுதும், விலாசம் அப்படியே இருக்கும். 5ஜியின் மையப்பகுதியும் கட்டுப்பாட்டையும் தரவுப் பாதையையும் பிரித்துத்தான் கட்டப்பட்டிருக்கிறது. ஆனால் ஏ9 வீதியில் காட்டுக்கு நடுவே ரவர் எட்டாத இடத்தில் பஸ் போகும்போது எந்த மென்பொருளாலும் ஒன்றும் செய்ய முடியாது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த நிலையத்தில் முழு எஸ்டிஎன் போடக் காசில்லை. மூன்று ரவுட்டர்களில் விலாசம் கொடுக்கும் வேலையை நிறுத்தி, நாலையும் கேபிளால் ஒரே வலையமைப்பாக்கினேன். இப்போது நடக்கும்போது படம் ஒரு கணம் உறைகிறது, ஆனால் கோல் அறுவதில்லை. பழைய போன்கள் சில மட்டும் தூரத்து ரவுட்டரையே பிடித்துக்கொண்டு தொங்குகின்றன, எதற்கு மாறுவது என்று வைபையில் கடைசியில் முடிவெடுப்பது போன்தானே.

உங்கள் பாடசாலையிலோ அலுவலகத்திலோ இதே தொல்லை என்றால், வாங்கமுன் போனின் ஐபி விலாசத்தை இரண்டு கட்டடங்களிலும் பாருங்கள். மாறினால் புது ரவுட்டர் வேண்டாம்.