சாமி சிலையைத் தொட வேண்டாம், நின்று பாருங்கள்

போன வாரமும் அதே கதை. நான் வேலை பார்க்கும் காட்சிக்கூடத்துக்கு ஒரு குடும்பம் வந்தது. பெரியவர் மடியிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, அம்மன் சிலையின் பாதத்தில் அப்படியே பூசிவிட்டார். காவலர் ஓடி வருவதற்குள் பேரனையும் தூக்கி, "தொட்டுக் கும்பிட்டுக்கடா தம்பி" என்கிறார். அவர் பக்தியை நான் எப்படித் திட்டுவேன்? ஆனால் அந்த விரலிடுக்கிலிருந்து திருநீற்றை எடுக்கப் பஞ்சும் மூங்கில் குச்சியுமாக எனக்கு அரை நாள் போனது.

கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்கிறார்கள்: "எத்தனை பாலும் தேனும் பார்த்த சிலை, என் கை பட்டா தேய்ஞ்சிடுமா?" தேயாது ஐயா, அரிக்கும். கோயிலில் அபிஷேகம் முடிந்ததும் சிலையைக் கழுவித் துடைக்க ஆள் உண்டு. எங்களிடம் இருப்பவற்றில் பல, நூற்றாண்டுக்கணக்கில் மண்ணுக்குள் கிடந்து வந்தவை. மண்ணின் உப்பு ஏற்கெனவே உள்ளே ஊறியிருக்கிறது. ஐம்பொன் என்று சொன்னாலும் சோழர் சிலைகளில் பெரும்பங்கு செம்புதான். செம்புக்கு உப்பும் ஈரமும் ஆகாது. உங்கள் கை வியர்வையிலும் உப்புதான் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் நம் டெல்டா காற்றில் ஈரத்துக்குக் கேட்கவா வேண்டும்? ஒருநாள் பார்த்தால், அரிசி மாவு தூவியதுபோல வெளிர்பச்சைப் பொடி. வெண்கல நோய் என்போம். கவனிக்காமல் விட்டால் சிலையைக் குழி குழியாகத் தின்றுவிடும்.

வழவழப்பான கரும்பச்சை வேறு. அது அழுக்கு இல்லை, சிலைக்குக் கவசம். வயலிலோ கொல்லையிலோ தோண்டும்போது சிலை கிடைத்தால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், தண்ணீர்கூட ஊற்றாதீர்கள். கிடைத்தபடியே வைத்துவிட்டு உடனே வி.ஏ.ஓ.விடமோ தாசில்தாரிடமோ சொல்லுங்கள். 1878ஆம் ஆண்டு புதையல் சட்டப்படி அது கலெக்டருக்குத் தெரிந்தாக வேண்டும்.

காட்சிக்கூடத்துக்கு வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். கற்சிலைமேல் சாய்ந்து படம் எடுக்காதீர்கள். ஃபிளாஷ் வேண்டாம். திருநீறு, குங்குமம், எண்ணெய், சில்லறைக் காசு எதுவும் வேண்டாம். பிள்ளைகளைத் தூக்கிக் காட்டுங்கள், தொட வைக்காதீர்கள்.

இவ்வளவு கறாராகச் சொல்கிறேனே என்று வராமல் இருந்துவிடாதீர்கள், தயவுசெய்து. தஞ்சை அரண்மனையில் 1951இல் தொடங்கிய கலைக்கூடம் இருக்கிறது. திருவெண்காட்டு ரிஷபவாகனரை, அதாவது காளையோடு நிற்கும் சிவனை, அங்கேதான் வைத்திருக்கிறார்கள். 1011ஆம் ஆண்டுச் சிலை, ராஜராஜன் காலம். சடைமுடியையே தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டு, காலை மாற்றி ஊன்றி, காளைமேல் கை வைத்து ஒயிலாக நிற்கிறார். காளை மட்டும் அங்கே இல்லை. கை வெறும் காற்றில் நிற்கிறது. போனில் எத்தனை படம் பார்த்திருந்தாலும் சரி, நேரில் பக்கவாட்டில் இரண்டடி நகர்ந்தால்தான் உடம்பின் பாரம் எந்தக் காலில் இறங்குகிறது என்பது பிடிபடும். இப்படிப்பட்ட சிலையை வார்க்க, மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். அப்புறம் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். அதனால் ஒரு வார்ப்புக்கு ஒரே சிலைதான். சுவாமிமலையில் காவிரி வண்டலை வைத்து இன்றைக்கும் இப்படித்தான் வார்க்கிறார்கள்.

ஒருமுறை அந்த ரிஷபவாகனர் முன்னால் நான் நின்றிருந்தபோது, நடவு வேலைக்குப் போகிற அம்மா ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். பெயர்ப்பலகையைப் பார்க்கவே இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏர் அவுத்துட்டு மாட்டு மேல கை போட்டுக்கிட்டு எங்க அப்பா இப்படித்தான் நிப்பாரு" என்றார். அப்புறம் ரொம்ப நேரம் அந்த இடத்தை விட்டு அவர் நகரவே இல்லை.